நள்ளிரவுக் கரையில் மாணவர்கள்

கரையோர நகரம் – 14

சென்ற வாரம் கிண்டிப் பாம்புப் பண்ணை உருவான கதையைப் பார்த்தோம். அந்தப் பண்ணையிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை மணலுக்குப் போய், ஐம்பது ஆண்டுகளாக நீளும் ஒரு நடையின் வரலாற்றை இந்த வாரம் பார்க்கலாம்.

சென்னைக் கடற்கரையில் கடலாமை முட்டைகளைக் காக்கும் வேலையை மூன்று அமைப்புகள் அடுத்தடுத்து எடுத்துச் செய்தன. மூன்றும் சில ஆண்டுகளில் அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டன. 1988-ல் நான்காவதாக ஒரு கூட்டம் வந்தது. சொந்தக் கட்டடம் கிடையாது, சம்பளப் பட்டியல் கிடையாது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கூட்டம்தான் இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் இரவிரவாக நடக்கிறது. நிறுவனங்களால் நீடிக்க முடியாத ஒரு வேலை மாணவர்கள் கையில் எப்படி நிலைத்தது? இந்த அத்தியாயத்தில் நாம் தேடும் விடை அதுதான்.

தை முதல் பங்குனி வரை

ஆலிவ் ரிட்லி என்ற கடலாமையை நம் கரையில் பங்குனி ஆமை என்பார்கள். கடலாமைகளில் இது சிறிய இனம். வளர்ந்த ஆமையின் ஓடு இரண்டடி நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எடை 35 முதல் 45 கிலோ. வாழ்நாள் முழுவதையும் கடலில் கழிக்கும் இந்த உயிர், முட்டையிட மட்டும் கரையேறுகிறது. கரையேறுவதும் பெண் ஆமைதான். முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்குள் ஓடிய ஆண் ஆமை பிறகு மணலை மிதிப்பதில்லை என்றே சொல்லலாம்.

தை பிறந்த பிறகு சோழமண்டலக் கரைக்கு இவை வரத் தொடங்கும். மாசி, பங்குனியில் வரத்து உச்சத்தை எட்டும். இரவில், அலை தொடாத உயரத்துக்கு ஏறி வந்து, பின்துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கும். வாய் குறுகி வயிறு அகன்ற பானையைப் போன்ற குழி அது. நூறு, நூற்றிருபது முட்டைகளை அதில் இட்டு, மணலைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மேற்பரப்பை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. தாயின் பங்கு அத்துடன் முடிந்தது. மிச்சத்தை மணலின் சூடு பார்த்துக்கொள்ளும்.

ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான ஆமைகள் ஒன்றாகக் கரையேறும். சென்னையில் அப்படி இல்லை. இங்கே ஆமை தனியாக வரும். ஒரே கிலோமீட்டரில் ஓர் இரவு இரண்டு வரலாம். அடுத்த மூன்று இரவுகள் ஒன்றுகூட வராமல் போகலாம். ஆகவே ஒரு கூட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் கரை முழுவதையும் ஒவ்வோர் இரவும் நடந்தாக வேண்டும். பிந்தைய வரலாறு முழுவதையும் தீர்மானித்த உண்மை இதுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதையும், வடக்கே கரை அரித்துப்போனதையும் இந்தத் தொடரின் முற்பகுதியில் பார்த்தோம். ராயபுரம், காசிமேடு பக்கம் கல் கொட்டிய கரை. ஆமைக்குத் தேவையான மணல் மெரினாவிலிருந்து தெற்கே போகும் கரையில்தான் மிஞ்சியது. நகரம் வேகமாக வளர்ந்ததும் அதே தெற்குத் திசையில்தான்.

பாம்புப் பண்ணையிலிருந்து கரைக்கு

1970-களின் தொடக்கத்தில் திருவான்மியூருக்குத் தெற்கே கரை சவுக்குத் தோப்பும் மணல்மேடும் குப்பங்களுமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆமை முட்டையை எடுப்பது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. தடத்தைப் பார்த்தவர்கள் தோண்டி எடுத்தார்கள். வீட்டுக்குப் போக மீந்தது விற்பனைக்குப் போனது. மனிதர் விட்டுவைத்ததை நரியும் நாயும் தோண்டின. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் பேராமை என்னும் மற்றொரு கடலாமையைப் பிடித்து இறைச்சிக்கு விற்பது பழைய வணிகம்.

கிண்டியில் பாம்புப் பண்ணையை நடத்திக்கொண்டிருந்த ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் அந்த ஆண்டுகளில்தான் கரையோரமாக இரவு நடை போகத் தொடங்கினார்கள். எத்தனை ஆமைகள் வருகின்றன, எத்தனை கூடுகள் தப்புகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். தப்பியவை சொற்பம். எஸ். வள்ளியப்பனும் விட்டேகரும் சோழமண்டலக் கரையின் பங்குனி ஆமைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பு, இந்தக் கரையின் ஆமைகளைப் பற்றிய முதல் முறையான பதிவுகளில் ஒன்று. 1974-ல் பாம்புப் பண்ணை ஒரு பொரிப்பகத்தை அமைத்தது. ஆபத்தான இடத்தில் இருக்கும் முட்டைகளை அதே இரவில் எடுத்து வந்து, வேலியடைத்த மணலில் அதே ஆழத்தில் புதைத்து, குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுவது திட்டம். இந்தியாவில் கடலாமைக்கென நடந்த பொரிப்பக முயற்சிகளின் தொடக்கம் சென்னைதான்.

அந்த நடைகளுக்கு வந்தவர்களில் இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர். ஆமை நடைக்கு வந்த பிறகு வகுப்பறையைவிடக் கரையே அவரை இழுத்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், குஜராத், கேரளம் என்று நாட்டின் கரைகளை நடந்தே அளந்தார். அவர் நடந்த கரை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் இருக்கும் என்பார்கள். 1982-ம் ஆண்டு மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலித் தீவில் ஆமைகளைக் கணக்கெடுக்கத் தன்னந்தனியாக மாதக்கணக்கில் தங்கினார். கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் எந்தப் படகும் வராது. மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்க்க, வீடு போய்ச் சேர்ந்தது. எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற இந்தியாவின் அடிப்படை அறிவில் பெரும்பகுதி இவருடைய கால்களால் வந்தது. 2023-ல் மறைந்தார்.

மற்றொருவர் ஜே. விஜயா. கல்லூரியில் படிக்கும்போதே பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராக வந்து சேர்ந்தவர். ஊர்வன ஆராய்ச்சியில் இறங்கிய முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் திகா கரையில் ஆயிரக்கணக்கில் ஆமைகள் கொன்று குவிக்கப்படுவதை நேரில் கண்டு படம்பிடித்துப் பதிவுசெய்தார். அந்தப் படங்கள் இந்தியா டுடே இதழில் வெளியாகி, பிரதமர் இந்திரா காந்தியின் கவனத்துக்குப் போய், கடலோரக் காவல்படை ஆமை வேட்டையைக் கண்காணிக்க இறங்கக் காரணமாயின. பல்லாண்டுகளாக யார் கண்ணிலும் படாத காட்டாமை ஒன்றைக் கேரளக் காட்டில் 1982-ல் மீண்டும் கண்டறிந்தவரும் அவர்தான். 1987-ல், இருபதுகளிலேயே இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கு அவருடைய பெயரையே வைத்தது அறிவியல் உலகம்.

முட்டைகளைக் காப்பதற்காகத் தொடங்கிய நடை, ஆட்களையும் உருவாக்கியது. இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நடப்பது இது.

மூன்று கைகள், மூன்று விலகல்கள்

பாம்புப் பண்ணையின் பொரிப்பகம் சில பருவங்கள் நடந்தது. 1970-களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளம் பக்கம் பொரிப்பகம் நடத்தியது. 1980-களின் தொடக்கத்தில் வேலை தமிழ்நாடு வனத்துறையின் கைக்கு வந்தது. இதற்கிடையில் சட்டமும் மாறியிருந்தது. 1972-ம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகள் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆமை முட்டையை எடுப்பது இப்போது குற்றம்.

ஆனால் 1988 வாக்கில் வனத்துறையும் சென்னையில் அந்தத் திட்டத்தை நிறுத்திக்கொண்டது.

இந்த மூன்று அமைப்புகளையும் குறைசொல்லிப் பயனில்லை. அவை செய்தது பெரிய வேலை. ஆனால் ஒரு நிறுவனத்துக்குத் திட்டக் காலம் என்று ஒன்று உண்டு, ஒதுக்கீடு உண்டு, அதிகாரி மாறுவார், ஆராய்ச்சிக் கேள்விக்கு விடை கிடைத்ததும் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். ஆமையின் கணக்கு வேறு. ஒரு குஞ்சு வளர்ந்து, தான் பிறந்த கரைப்பகுதிக்கு முட்டையிட வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஐந்தாண்டுத் திட்டம் முடிவதற்குள் அதில் காப்பாற்றிய முதல் குஞ்சுகூடப் பருவம் எய்தியிருக்காது.

வனத்துறை விட்ட இடத்தில்தான் மாணவர்கள் வந்து நின்றார்கள். ஆமை நடைகளில் ஏற்கெனவே பழகிய சிலர், ஒரு பருவம்கூட விடுபடக் கூடாது என்று முடிவுசெய்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில் 1988-ல் குழு உருவானது. அன்று அதில் இருந்த கல்லூரி மாணவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியராகி, இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015-ல் ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார்.

ஓர் இரவின் வேலை

இந்தக் குழு என்னதான் செய்கிறது? ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்வோம்.

நள்ளிரவை ஒட்டி நீலாங்கரைக் கரையில் சிலர் கூடுகிறார்கள். அங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் தூரம். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் குப்பங்களைத் தாண்டி நடக்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். வெளிச்சத்தைக் கண்டால் ஏறி வரும் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். ஈரமும் உலர்மணலும் சேரும் கோட்டை ஒட்டி நடப்பார்கள். ஆமை வந்திருந்தால் அந்தக் கோட்டைக் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

தடம் கண்ணில் படுகிறது. பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகரும். ஆகவே இரு பக்கத்துக் கீற்றுகளும் ஒன்றுக்கு ஒன்று முன்பின்னாக விழும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒருசேர ஊன்றித் தள்ளும். அதன் கீற்றுகள் நேருக்கு நேர் இருக்கும். தடத்தைப் பார்த்தே எந்த ஆமை என்று சொல்லிவிடலாம். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சேரும் மேட்டில் மணல் கலைந்து கிடக்கும். அதற்குள் எங்கோ கூடு இருக்கிறது.

அனுபவசாலி ஒருவர் கம்பை எடுத்துக் கலைந்த மணலில் மெதுவாக ஊன்றிப் பார்க்கிறார். பெரும்பாலான இடங்களில் மணல் எதிர்த்து நிற்கும். ஓரிடத்தில் மட்டும் கம்பு சட்டென்று உள்ளே வழுக்கும். கூட்டின் வாய் அதுதான். கம்பு முட்டையைத் தொட்டுவிடக் கூடாது. கையின் அழுத்தத்தை அந்தக் கணத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத வேலை. பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்து, அவர் முன்னிலையில் தன் கையால் செய்து பழக வேண்டும்.

பிறகு கம்பை வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டுவார்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள் வரை கை உள்ளே போகும்போது முதல் முட்டை விரலில் படும். வெள்ளை நிறம், நல்ல உருண்டை. ஓடு கெட்டியாக இல்லாமல் லேசாக அமுங்கும். ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைக்கிறார்கள், கூட்டின் மணலில் கொஞ்சத்தையும் சேர்த்து. குழியின் ஆழம், அகலம் எல்லாம் அளந்து குறிக்கப்படுகின்றன. பையை ஆட்டக் கூடாது. முட்டையிட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால்தான் அந்த இரவே, விடிவதற்குள், பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அளந்த அதே ஆழத்தில் குழி பறித்துப் புதைத்துவிட வேண்டும்.

புதைத்த இடத்தில் தேதி, கண்டெடுத்த இடம், முட்டைகளின் எண்ணிக்கை எழுதிய அட்டை நிற்கும். ஏறத்தாழ 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணல் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்திருந்தால் தாமதம். ஆணா பெண்ணா என்பதையும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு புள்ளிக்கு மேலே போனால் பெரும்பாலும் பெண், கீழே இருந்தால் ஆண். பங்குனி வெயிலில் கூடுகள் கொதித்தால் ஒரு பருவத்தின் குஞ்சுகள் அத்தனையும் பெண்ணாகிவிடலாம். சூடு இன்னும் ஏறினால் கருவே பிழைக்காது. பொரிப்பகத்தில் வெப்பநிலையைக் கவனிப்பதும் நிழல் அமைப்பதும் இதற்காகத்தான்.

குஞ்சு வெளிவரும் நாள் நெருங்கியதும் ஒவ்வொரு கூட்டின் மேலும் ஒரு கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். மணல் குளிரும் இரவு நேரத்தில் குஞ்சுகள் மொத்தமாக மேலே வரும். அவற்றை அலைக்குப் பத்திருபது அடி முன்னால் மணலில் விடுகிறார்கள். தண்ணீரில் நேரடியாகப் போடுவதில்லை. அந்தச் சிறு தூரத்தைக் குஞ்சு தானே நடந்து கடக்க வேண்டும். பிறந்த கரையை அது அடையாளம் கண்டுவைத்துக்கொள்ளும் செயலில் இந்த நடைக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். எல்லாக் குஞ்சுகளும் போன பிறகு கூட்டைத் தோண்டி, பொரிந்தது எத்தனை, பொரியாதது எத்தனை என்று எழுதிவைத்தால்தான் அந்தக் கூட்டின் வேலை முடியும்.

இதில் எந்த வேலையும் பெரிய படிப்பையோ கருவியையோ கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடக்க வேண்டும், எண்ண வேண்டும், எழுத வேண்டும், மறுநாள் இரவும் வர வேண்டும். புதிதாக வந்த முதலாண்டு மாணவருக்கும் முதல் இரவிலேயே ஒரு வேலை இருக்கும். இரண்டாவது பருவத்தில் அவர் கம்பை ஊன்றிப் பார்ப்பார். மூன்றாவது பருவத்தில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். அதற்குள் அவருடைய படிப்பு முடிந்து ஊர் மாறிவிடும். குழுவில் இதை யாரும் இழப்பாக நினைப்பதில்லை. மூன்றாண்டில் போகப்போகிறவர் என்று தெரிந்தே வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒப்படைப்பதையே வழக்கமாக வைத்துக்கொண்ட குழு என்பதால், யார் போனாலும் நடை நிற்பதில்லை. நாம் தேடிய விடையில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது என்பது என் துணிபு. பல பருவங்களாகப் பொறுப்பேற்று நடத்தும் மூத்தவர்களும் உண்டு. அவர்கள் இல்லாமல் இந்த ஒப்படைப்பு நடந்திருக்காது.

வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் கூட வரலாம் என்ற வழக்கமும் இந்த நடையோடு சேர்ந்தே வளர்ந்தது. எத்தனையோ சென்னைக் குடும்பங்களின் பிள்ளைகள் கடலாமையை முதன்முதலாகப் பார்த்தது அந்த இரவுகளில்தான். ஆமையைப் பார்க்காமலே திரும்பியவர்கள் அதைவிட அதிகம். அவர்களும் ஏழு கிலோமீட்டர் நடந்து தங்கள் ஊரின் கரையை முழுசாகப் பார்த்திருக்கிறார்கள்.

வெளிச்சம் என்னும் ஆபத்து

1980-களில் ஆமைக்கு முதல் பகை மனிதரும் நாயும். 1990-களில் வேறொரு பகை வலுத்தது: வெளிச்சம்.

குஞ்சு மணலை விட்டு வெளியே வந்ததும் தாழ்வாக, வெளிச்சமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஓடும். இயற்கையான கரையில் அது கடல்தான். நிலாவையும் விண்மீன்களையும் பிரதிபலிக்கும் நீர்ப்பரப்பு நிலத்தைவிட வெளிச்சமாக இருக்கும். நகரக் கரையிலோ பின்னால் இருக்கும் தெருவிளக்குகள் கடலைவிடப் பல மடங்கு பிரகாசம். கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு சாலையை நோக்கிப் போகிறது. விடிந்தால் காகம், நாய், வெயில், வண்டிச் சக்கரம்.

மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் உயர்கோபுர விளக்குகள் நட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் வீடுகளும் விடுதிகளும் எழுந்தன. கூட்டை இருந்த இடத்திலேயே விட்டுவைத்துக் காவல் காக்கலாம் என்ற எண்ணத்துக்குச் சென்னையில் வழியே இல்லாமல் போனது இதனால்தான். முட்டையைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருவது கட்டாயமானது. குஞ்சை விடும் நேரத்திலும் ஒருவர் டார்ச்சோடு அலையில் இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது, நகரத்து வெளிச்சத்துக்கு எதிராகக் கடல் பக்கம் ஒரு வெளிச்சம் காட்ட. பருவ மாதங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கடற்கரை விளக்குகளை அணையுங்கள் என்று தன்னார்வலர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சில பருவங்களில் அணைக்கிறார்கள். சில பருவங்களில் மறுபடியும் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது.

2000-களின் இறுதியில் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கரையோரமாகவே ஓர் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் வந்தது. மீனவர் அமைப்புகளும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீனவருக்கு வேண்டிய அதே மணல்தான் ஆமைக்குக் கூடு. சுனாமியில் சீனிவாசபுரம் போன்ற குப்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்த நகரத்துக்கு, கரையைக் கரையாக விட்டுவைப்பதன் அவசியத்தை வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மீனவ மக்களை விலக்கிவைத்து ஆமையைக் காக்க முடியாது என்பதையும் இந்தக் கரை காலப்போக்கில் உணர்ந்தது. 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், நீலாங்கரையை மையமாக வைத்துக் குப்பத்து இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாகப் பயிற்றுவித்தது. முன்பு முட்டை தேடித் தடம் பார்த்த அதே கண்கள் இப்போது காவலுக்குத் தடம் பார்க்கின்றன. வனத்துறையும் மீண்டும் இந்த வேலைக்குள் வந்தது. இன்று தமிழ்நாட்டுக் கரை நெடுக அரசுப் பொரிப்பகங்கள் இயங்குகின்றன. மாணவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நூலைப் பற்றிக்கொண்டுதான் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

கரையில் நின்று காக்க முடியாதது

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் எழுதி முடிக்க முடியாது. நடப்பவர்களின் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் உண்டு: கூடுகள் ஒன்று, செத்து ஒதுங்கிய ஆமைகள் மற்றொன்று.

ஆமைக்கு நுரையீரல் மூச்சு. நீருக்கு மேலே தலையை நீட்டித்தான் மூச்சு வாங்க முடியும். விசைப்படகின் இழுவலைக்குள் சிக்கினால், வலையை மேலே இழுக்கும்வரை அது நீருக்கடியில்தான். மூச்சுமுட்டிச் சாகும். முட்டையிட வரும் மாதங்களில் பெண் ஆமைகள் கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில் திரள்கின்றன. மீன்வளம் மிகுந்திருப்பதும் அந்த நீரில்தான். 2025-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி, வயிற்றில் முட்டைகளோடு கிடந்தவையும் அவற்றில் இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

கணக்கைப் பாருங்கள். கடலுக்குள் போகும் ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து பெரிதானால் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் முட்டையோடு சாகும் ஒரு தாய் ஆமைக்கு ஈடாக எத்தனை கூடுகளை எத்தனை இரவுகள் நடந்து காப்பாற்ற வேண்டும்! பொரிப்பகம் மட்டும் போதாது என்பதை வேறு யாரையும்விட, பொரிப்பகம் நடத்துகிறவர்களே உரக்கச் சொல்லிவருகிறார்கள். தாங்கள் செய்யும் வேலையின் எல்லையைத் தாங்களே வெளிப்படையாகப் பேசும் இந்த நேர்மைதான் இந்தக் குழுவின்மீது எனக்குள்ள மதிப்பை இரட்டிப்பாக்கியது.

கடலுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. இழுவலையில் சிக்கும் ஆமை வெளியேற வழிவிடும் சாதனம் பல பத்தாண்டுகளாகவே உலகில் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்தது. ஆமைகள் கரைசேரும் மாதங்களில் 5 கடல் மைல்களுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், இழுவலை கூடாது என்ற விதியும் இருக்கிறது. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்தை மனதில் வைத்துப் போட்ட தடை அது. பங்குனி முடிந்துவிடும் அந்த நேரத்தில் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். ஆகவே தடைக்காலத்தை நம்பி ஆமையைக் காக்க முடியாது. தை, மாசி மாதங்களில் விதியை நடைமுறைப்படுத்த ரோந்துப் படகு கடலில் இருக்க வேண்டும். பிழைப்பு பாதிக்கப்படும் விசைப்படகுத் தொழிலாளியோடு உட்கார்ந்து பேசி, அவருக்கு ஈடு செய்யும் வழியும் வேண்டும். இவை இரண்டும் அரசு செய்ய வேண்டிய வேலைகள். மாணவர்களால் செய்ய முடியாதவை.

மாணவர்களால் முடிந்ததை அவர்கள் செய்துவிட்டார்கள். 1988 முதல் ஒரு பருவமும் விடாமல் கரையை நடந்து, கூடுகளையும் சாவுகளையும் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மாநகரத்தில் ஓர் உயிரினத்தைப் பற்றி இவ்வளவு நீண்ட, இவ்வளவு நெருக்கமான பதிவு வேறு எதற்கும் இருக்கிறதா என்பது சந்தேகம். அந்தப் பதிவு இல்லையென்றால், 2025-ல் நடந்தது வழக்கத்துக்கு மாறான சாவு என்று எடுத்துச் சொல்ல எந்த ஆதாரத்தைக் காட்டியிருப்போம்? 1988-ல் விட்ட குஞ்சுகளில் தப்பியவை இந்நேரம் பலமுறை இதே மணலில் முட்டையிட்டுப் போயிருக்கும். அவற்றைக் கொன்றுவிடாத கடலைக் கொடுப்பது இனி நகரத்தின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. ஜனவரியில் கடலுக்குள் ரோந்து நடக்கிறதா, கரை விளக்குகள் அணைகின்றனவா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

*அடுத்த வாரம்: குப்பைமேடாகிக்கொண்டிருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-ல் ராம்சார் பட்டியலுக்குள் வந்த வழி.*

(தொடரும்)